அரைத்தூக்க ஊசி வகுப்பு

படித்தவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். ஆனால் படித்தவர்களை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிக்கொடுப்பது இருக்கிறதே, அது தலையெழுத்து! நீங்களும் எங்கேயாவது நாலு பேருக்கு எதையாவது கற்றுக்கொடுக்கப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டவர் என்றால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

மெர்டேக்கா வருஷம், அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரு பழைய பங்களாவில் எட்டுக் கட்டில் போட்ட சின்ன மனநல மருத்துவமனை. நான் அங்கே சிஸ்டர். பேர் ராஜம்மாள். கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்த புதுசு. பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். அவர் செய்த வைத்தியம் இதுதான்: கை நரம்பில் மெல்ல மெல்ல ஒரு மருந்தை ஏற்றுவார். நோயாளி தூங்கவும் மாட்டார், முழித்திருக்கவும் மாட்டார். அந்த அரைத்தூக்கத்தில், மனசில் அடைத்துக் கிடப்பது வாய் வழியாக வெளியே வரும். பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சுதந்திரம் வருவதற்கு முன்னால் பெரிய டாக்டர் தன் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. அதற்குள் மூன்று பேரை இந்த வைத்தியத்துக்குத் தயார் செய்ய வேண்டும். ஊசி போட அவர் கற்றுக்கொடுப்பார், உட்கார்ந்து கேட்க நான். மூன்று பேரும் மருத்துவத் தொழிலுக்கு முறைப்படி பதிவு செய்துகொண்ட ஆட்கள்தான். டாக்டர் சிவஞானம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், படிப்பில் புலி. மாணிக்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் டிரஸ்ஸராக, கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவராக இருந்தவர். மிஸ் லிம் மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக வாழும் பாபா சீனர் வீட்டுப் பெண், ஸ்டாஃப் நர்ஸ், அதிகம் பேசாதவள்.

முதல் நாளே கரும்பலகையில் கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், என் சட்டத்தை எழுதினேன்: ‘நோயாளி சொன்னதை எழுது. உன் காதுக்குத் தோன்றியதை எழுதாதே.’ எவ்வளவு கம்பீரமாக எழுதினேன் என்கிறீர்கள்! பின்னால் அதே வரி என் மண்டையில் வந்து விழும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நூறு, தொண்ணூற்றொன்பது

ஊசி போடப் போகிறவர் முதலில் தானே ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. நோயாளிக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? டாக்டர் சிவஞானம் டையைக்கூடத் தளர்த்தாமல் கட்டிலில் விறைப்பாகப் படுத்தார். நூறிலிருந்து பின்னால் எண்ண வேண்டும். நாக்கு குழறும் இடத்தில் மருந்தை நிறுத்திவிடுவோம்.

ராஜா மாதிரி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தொண்ணூற்று மூன்று வரைக்கும் பிசகில்லை. அப்புறம் ஆங்கிலம் கழன்று விழுந்தது. “ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு” என்று வாய்ப்பாட்டில் இறங்கிவிட்டார். ஏழெட்டில் தடுக்கியது. நான் நாடி பார்க்க அவர் கையைப் பிடித்தேன். பாதிக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, அழுகிற குரலில் சொன்னார்: “அடியாதேங்கோ சேர், வீட்டுப் பாடம் எல்லாம் செய்திட்டன்!”

ஐந்து நிமிஷம்

அடுத்தது உட்காருகிற பாடம். மிஸ் லிம் நோயாளி மாதிரி படுத்திருப்பாள். மாணிக்கம் பக்கத்தில் நாற்காலியில் ஐந்தே ஐந்து நிமிஷம் கேள்வி கேட்காமல், மருந்து சொல்லாமல், சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். முதல் நிமிஷத்திலேயே “எங்கே வலிக்குது?” என்றார். இரண்டாவது நிமிஷம் “நாக்கை நீட்டு” என்றார். அவளும் பாவம், நீட்டினாள். மூன்றாவது நிமிஷம் எழுந்து போய் மிக்ஸ்சர் பாட்டிலைக் குலுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

“சும்மா இருக்க ஒரு மனுஷனால முடியாதா?” என்று கத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “சிஸ்டரம்மா, தோட்டத்துல நான் அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்தா, நோயாளி எழுந்து வந்து எனக்கு நாடி பார்ப்பான்.”

பிள்ளை என்று பேர் வைத்துக்கொண்டு

ஜூன் மாதம் தெய்வநாயகம் பிள்ளை வந்து சேர்ந்தார். இதே காஜா பெராங்கில், எந்தக் காலத்திலோ மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சமான சிட்டிகள் குடியிருக்கும் கம்பத்துக்காரர், அதாவது கிராமத்துக்காரர். பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸை ஓட்டுகிறாரா, கதையை ஓட்டுகிறாரா என்று பயணிகள் கிண்டல் செய்கிற அளவுக்கு வாயாடியாம். அந்த மனுஷர் போகிப் பண்டிகையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு கொடுத்தால் ஏதோ சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார். மனைவி இறந்து ஒரு மாதத்தில் இப்படி ஆகிவிட்டாராம். ஒரே மகள் கமலா. தினமும் தூக்குச் சட்டியோடு வந்துவிடுவாள்.

பெரிய டாக்டர் கமலாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மூன்று ஊசி. அதிலும் பேச்சு வராவிட்டால், தான் கிளம்புவதற்கு முன் அவரை வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே எத்தனை வருஷம் இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. இந்த மனுஷரை வீட்டுக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அவள் மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங் கெபாயா உடுத்தி, நெற்றியில் பளிச்சென்று விபூதி வைத்து, மலாயிலேயே பேசிக்கொண்டிருந்தாள். “ஏம்மா, பேரு கமலா, அப்பா பேரு தெய்வநாயகம் பிள்ளை. தமிழ்ல பேசினா வாய் வலிக்குமா?” என்று கேட்டுவிட்டேன். என் மார்க்கெட் மலாய்க்கு அது எட்டாததால், பக்கத்தில் இருந்த மாணிக்கம் அதை மலாயில் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அவள் மலாயில் சொன்ன பதில் தமிழில் இப்படி வரும், நர்ஸுக்கு அங்கே மிஸ்ஸி என்று பேர்: “மிஸ்ஸி, எங்க வீட்டுல கடைசியா தமிழ் பேசின ஆளை எங்க தாத்தாவோட தாத்தாவுக்கே தெரியாது.”

பாத்தாச்சு

பெண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், அப்பாவின் அடிமனசில் தமிழ் இல்லாமலா போகும்? நான் என் பிடிவாதத்திலேயே இருந்தேன். முதல் ஊசி காலை பத்து மணிக்கு, வெறும் வயிற்றில். பெரிய டாக்டர் மருந்தை ஏற்றினார். டாக்டர் சிவஞானம் நாடியைப் பிடித்திருந்தார், மாணிக்கம் மூச்சை எண்ணினார். மிஸ் லிம் கால்மாட்டில் நோட்டோடு நின்றாள். நான் தலைமாட்டில். தெய்வநாயகத்தின் இமை சொருகியது. அத்தனை மாதம் மூடிக் கிடந்த வாய் திறந்தது. குழறிக் குழறி மூன்று வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தமிழ்! ‘பாத்தாச்சு, தாத்தா, பிண்டம்’ என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

மிஸ் லிம் கையைத் தூக்கினாள். “அவர் தமிழ்ல பேசறார், உனக்குப் புரியாது. கையைக் கீழே போடு” என்றேன். அவள் கீழே போட்டுவிட்டாள்.

டாக்டர் சிவஞானத்துக்கு ஒரே குதூகலம். பிண்டம் என்றால் பிணம்தான், சின்ன வயசில் தாத்தாவின் பிணத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார், அதுதான் இப்போது கிளம்பியிருக்கிறது என்று நாலு பக்கம் எழுதினார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். கமலாவைக் கூப்பிட்டு, அப்பாவின் தாத்தா எப்படி இறந்தார் என்று விசாரித்தோம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல வயசாகி, வயிறு நிறைய டூரியான் பழம் சாப்பிட்டு, படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம், கல்யாணச் சாவாம். அவள் போனதும் டாக்டர் சிவஞானம் கதவைச் சாத்திவிட்டு என் காதோரம் வந்தார்: “சிஸ்டர், டூரியானுக்குள்ள நஞ்சு வச்சிருப்பினமோ?”

மாணிக்கத்தின் ஆராய்ச்சி

இரண்டாவது ஊசியிலும் அதே மூன்று வார்த்தை. விழித்ததும் மறுபடி சுவர். மிஸ் லிம் மறுபடியும் கையைத் தூக்கினாள், நான் மறுபடியும் முறைத்தேன். மாணிக்கம் மட்டும் இது மருந்துக்கு அடங்குகிற விஷயமில்லை, செத்துப்போன தாத்தாவே வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் காலை வார்டு சுற்ற வந்த பெரிய டாக்டர் தெய்வநாயகத்தின் கட்டில் அருகே குனிந்தார். கட்டிலின் நாலு காலிலும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கியது. இது என்ன என்று கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மாணிக்கம் அட்டென்ஷனில் நின்று, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: “வைட்டமின் சி, சார்.”

மிஸ் லிம்மின் நோட்டு

மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. அதே வார்த்தைகள், அதே சுவர். மத்தியானம் பெரிய டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் வடக்கே அனுப்பும் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன்னால் எல்லோரும் அவரவர் நோட்டைப் படியுங்கள் என்றார். நான் என் மூன்று வார்த்தையைப் படித்து, ஆங்கிலத்தில் அர்த்தமும் சொன்னேன். டாக்டர் சிவஞானம் தன் பக்கங்களையெல்லாம் படித்தார். மாணிக்கம் மூச்சுக் கணக்கைப் படித்தார். கடைசியில் மிஸ் லிம் எழுந்தாள். மூன்று வாரமாக அவள் நோட்டை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ் தெரியாத பெண் என்னத்தை எழுதியிருக்கப் போகிறாள் என்று அலட்சியம்.

அவள் படித்தாள்: “பார்ச்சு. தாக் டாத்தாங். தாக் அடா பிண்டாங்.”

அட கடவுளே! மலாய்! தாக் டாத்தாங் என்றால் வரவில்லை. தாக் அடா என்றால் இல்லை. இது எனக்குத் தெரியாதா? மார்க்கெட்டில் தினமும் பேசுகிற மலாய்தானே! தமிழ் வரும், தமிழ் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததில், டாத்தாங் தாத்தாவாகிவிட்டது, பிண்டாங் பிண்டமாகிவிட்டது. நான் தமிழ் என்றதும் மாணிக்கத்தின் காதுக்கும் அப்படியே கேட்டிருக்கிறது. பாபா வீட்டில் பேசுகிற மலாயும் சிட்டி வீட்டில் பேசுகிற மலாயும் அக்கா தங்கை மாதிரி. மிஸ் லிம்முக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. பிண்டாங் ஒரு மீன் குழம்பு என்று அவளே சொன்னாள். பார்ச்சு என்றால் என்னவென்று மட்டும் அவளுக்கும் தெரியவில்லை.

கமலாவைக் கூப்பிட்டோம். நோட்டில் இருந்ததைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பார்ச்சு என்பது அவர்கள் வீட்டுப் படையல். போகியன்று இலை போட்டு, இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் அம்மாவுக்கு உயிர், பிண்டாங் குழம்பு. அதில் புளி தூக்கலாகப் போடுவாள். “தெர்லாலு மாசாம்”, புளிப்பு ரொம்ப ஜாஸ்தி என்று கல்யாணமான நாளிலிருந்து அவரும் கேலி செய்வார், அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் போடுவாள். கடைசியாகச் சாப்பிட்ட அன்று, இனிமேல் இந்த வீட்டில் பிண்டாங்கே வேண்டாம் என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் அவள் போய்விட்டாள். போகிப் படையலில் கமலா எல்லாம் செய்தாள், அதை மட்டும் செய்யவில்லை. அப்பா வேண்டாம் என்றாரே, அதுவுமில்லாமல் அதைத் தொட்டாலே அழுகை வந்ததாம். இலையைப் பார்த்த மனுஷர் அன்றைக்கு மூடிய வாய்தான். பிண்டாங் இல்லை, அதனால் அவள் வரவில்லை. இதைத்தான் மூன்று ஊசியிலும் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பெரிய டாக்டர் பேனாவை மூடினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் மிஸ் லிம்மிடமே பாய்ந்தேன். “மூணு வாரமா ஏன் சொல்லலை?” அவள் கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்: “கையைத் தூக்கினேன் சிஸ்டர். நீங்கதான் கீழே போடச் சொன்னீங்க.”

புளி

வருஷத்தின் நடுவில், பழங்கள் கொட்டுகிற காலத்தில், இன்னொரு பார்ச்சு உண்டாம். பழப் படையல். இன்னும் பத்தே நாள். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டருக்குப் பத்து பெரெண்டாம் விமான நிலையத்திலிருந்து விமானம். கடிதத்தை அதுவரை சட்டைப் பையில் வைத்திருப்பதாகச் சொன்னார், கிழித்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. பழத்தோடு குழம்பும் வைக்கலாமா என்று கமலா தங்கள் பெரியவர்களிடம் கேட்டு வந்தாள். அம்மாவுக்குப் பிடித்ததை அவளுக்கு வைக்க யாரைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம்.

படையலன்று பெரிய டாக்டரும் நாங்களுமாகத் தெய்வநாயகத்தை வீட்டுக்கு அழைத்துப் போனோம். வகுப்பு முழுவதும் கமலாவின் அடுப்படியில்தான். மாணிக்கம் சைக்கிளில் கிளேபாங் கடற்கரைக்குப் போய்ப் பாராங் மீன் வாங்கி வந்தார். டாக்டர் சிவஞானம் தேங்காய் துருவுகிறேன் என்று விரலையும் சேர்த்துத் துருவி, மாணிக்கத்திடம் கட்டுப் போட்டுக்கொண்டார். மிஸ் லிம் மசாலா இடித்தாள். புளியை நான் எடுத்துக்கொண்டேன். புளிப்பு ஜாஸ்தி என்றுதானே அவர் குறை சொன்னார்? நோயாளிக்கு ஒத்துக்கொள்ள வேண்டாமா? மருந்து ஊற்றுகிற கிளாஸில் அளந்து, நிதானமாகக் கொஞ்சமே கொஞ்சம் விட்டேன். கமலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மிஸ்ஸியிடம் எப்படிச் சொல்வது என்று அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இலை போட்டு, டூரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் குவித்து, நடுவில் ஆவி பறக்கும் பிண்டாங்கை வைத்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து நின்றோம். தெய்வநாயகம் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவரை விட்டு அவர் கண் வேறொன்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். இதுவும் பலிக்காவிட்டால், நாளைக்கே வடக்கே போகிற ரயிலில் ஏற்ற வேண்டியதுதான்.

அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தோம். கமலா அப்பாவுக்குச் சோறு போட்டு பிண்டாங்கை ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். நாங்கள் ஒருவரும் சாப்பிடவில்லை, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மாணிக்கம்கூட வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என் பாடம் அன்றைக்குத்தான் அவருக்கு ஏறியது. தெய்வநாயகம் மென்றார். நெற்றி சுருங்கியது. முள்ளோ என்று நான் பதறினேன். அவர் தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் சொன்னார்: “கூராங் மாசாம்.”

புளிப்பு போதவில்லையாம்! கமலா அலறிக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சத்தம் போட்டு அழுதேன், வெட்கமே இல்லை. டாக்டர் சிவஞானம் கட்டுப் போட்ட விரலால் கண்ணைத் துடைத்தார். பெரிய டாக்டர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, கையில் ஒட்டிய டூரியானை அதிலேயே துடைத்தார். தெய்வநாயகமோ நிறுத்தவில்லை. யார் புளி கரைத்தது, எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும் என்று பஸ் கிளம்பிய மாதிரி கிளம்பிவிட்டார்.

பேச்சு கொஞ்சம் ஓய்ந்தபோது, மிஸ் லிம் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். நான் அவசரமாகத் தலையாட்டினேன். மலாயில் மெதுவாகக் கேட்டாள், அம்மா வந்தார்களா என்று. அவர் அந்த இலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன், என் காதுக்குத் தோன்றியதை அல்ல: “வந்தா. இந்த மிஸ்ஸி கரைச்ச புளியைப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே போனா.”

அந்த வருஷம் என் மூன்று மாணவர்களும் பாஸ், வாத்தியாரம்மா மட்டும் காதிலும் பெயில், புளியிலும் பெயில்.